பழைய கார் ஸ்டீரியோவில் கைப்பேசிப் பாட்டு: கம்பியில்லா இணைப்பின் வழிகள்

1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் வந்த கார்களின் ஸ்டீரியோக்கள் பல இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபையர் பழுதாகவில்லை, ஸ்பீக்கர் கிழியவில்லை, பொத்தான்கள் தேயவில்லை. பாட்டுதான் இடம் மாறிவிட்டது. கேசட்டிலும் சிடியிலும் இருந்தது கைப்பேசிக்குப் போய்விட்டது. 2016இல் ஐஃபோன் 7 வந்ததிலிருந்து கைப்பேசிகளில் இருந்த ஹெட்ஃபோன் துளையும் ஒவ்வொன்றாக மறைந்துவருகிறது. ஆகவே பழைய ஸ்டீரியோவுக்கும் புதிய கைப்பேசிக்கும் இடையே கம்பியில்லாத இணைப்பு தேவைப்படுகிறது.

இதற்கு இன்று ஆறு வழிகள் நடைமுறையில் உள்ளன: எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், கேசட் அடாப்டர், ஆக்ஸ் துளையில் ப்ளூடூத் ரிசீவர், சிடி சேஞ்சர் இணைப்பு, ஸ்டீரியோவைத் திறந்து உள்ளேயே போர்டு பொருத்துவது, ஸ்டீரியோவையே மாற்றுவது. விலையிலும் உழைப்பிலும் ஒலித்தரத்திலும் இவை வெகுவாக வேறுபடுகின்றன. ஒலித்தரத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: பாட்டு ஸ்டீரியோவுக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்பது.

ஸ்டீரியோவின் உள்ளே

எந்தக் கார் ஸ்டீரியோவிலும் ஒலி நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் ரேடியோ ட்யூனர், டேப் ஹெட், சிடி பகுதி ஆகிய மூலங்கள். அடுத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச். மூன்றாவது, ஒலியளவையும் பேஸ், ட்ரெபிளையும் கட்டுப்படுத்தும் பகுதி. கடைசியில் ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்.

கைப்பேசியின் ஒலி இரண்டாவது கட்டத்தில் நேரடியாகக் கம்பி வழியே நுழைந்தால் அது கெடுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. முதல் கட்டத்தில் ட்யூனர் வழியாகவோ டேப் ஹெட் வழியாகவோ நுழைந்தால், வானொலிக்கும் நாடாவுக்கும் உரிய எல்லாக் குறைகளையும் சுமந்துகொண்டுதான் ஆம்ப்ளிஃபையரை அடையும். பின்வரும் வழிகளை ஒப்பிடும்போது மனத்தில் கொள்ளவேண்டியது இதுவே.

ப்ளூடூத் செய்யும் வேலை

ப்ளூடூத்துக்கான ஆய்வு 1994இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. 1998இல் எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து அதைப் பொதுத் தரமாக்கும் அமைப்பை உருவாக்கின. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அந்த வரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தடம் தாவிக்கொண்டே தகவலை அனுப்புவது இதன் மூல வடிவம். ஒரு தடத்தில் குறுக்கீடு இருந்தாலும் அடுத்த தாவலில் தப்பிவிடலாம்.

ஒலியைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் இது பெரும்பாலும் தொலைபேசிப் பேச்சுக்கே பயன்பட்டது. ஸ்டீரியோ இசையை அனுப்புவதற்கான ‘ஏ2டிபி’ என்ற விதித்தொகுப்பு 2003இல் வந்தது. பாட்டை நிறுத்தவும் அடுத்த பாட்டுக்குத் தாவவும் ‘ஏவிஆர்சிபி’, அழைப்புகளைப் பேச ‘எச்எஃப்பி’ எனத் தனித்தனித் தொகுப்புகள் உள்ளன. வாங்கும் கருவியில் இம்மூன்றில் எவை உள்ளன என்று பார்ப்பது அவசியம். ஏ2டிபி மட்டும் உள்ள மலிவான ரிசீவரில் பாட்டு வரும். அழைப்பு வந்தால் குரல் கைப்பேசியிலேயே நின்றுவிடும்.

இசையைச் சுருக்கி அனுப்ப ‘எஸ்பிசி’ என்ற கோடெக் எல்லாக் கருவிகளிலும் கட்டாயம். அதன் வழக்கமான உயர்தர அமைப்பு நொடிக்கு 328 கிலோபிட். சுருக்கப்படாத சிடியின் அளவு நொடிக்கு 1,411 கிலோபிட். ஏஏசி, ஆப்ட்எக்ஸ் போன்ற வேறு கோடெக்குகளும் உண்டு. கைப்பேசி, ரிசீவர் இரண்டிலும் ஒரே கோடெக் இருந்தால்தான் அது பயன்படும். நின்ற காரில் இவற்றுக்கிடையே கூர்ந்த காது வேறுபாடு காணலாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் டயர், காற்று, எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அந்த வேறுபாடு பெரும்பாலும் அமுங்கிப்போகும். ஆகவே கோடெக் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, ஸ்டீரியோவுக்குள் நுழையும் வழியைச் செம்மைப்படுத்துவதில் பலன் அதிகம்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் இந்தக் கருவிதான் கடைகளில் அதிகம் கிடைப்பது, விலையும் குறைவு. கைப்பேசியின் பாட்டை ப்ளூடூத்தில் வாங்கி, சின்னஞ்சிறு வானொலி நிலையம்போல் எஃப்.எம்.மில் ஒலிபரப்புகிறது. காரின் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு கேட்கும். எதையும் கழற்றவேண்டியதில்லை, எஃப்.எம். உள்ள எந்தக் காரிலும் வேலை செய்யும்.

அதன் வரம்புகளும் எஃப்.எம்.மின் வரம்புகளே. ஸ்டீரியோ ஒலிபரப்பில் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டிச் சமிக்ஞை இருப்பதால், இசைக்கு ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் இடம். இதைவிடப் பெரிய தொல்லை அக்கம்பக்க நிலையங்கள். ஒரே எண்ணில் இரண்டு சமிக்ஞைகள் வந்தால் எஃப்.எம். ரேடியோ வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். இந்தக் கருவிகளின் ஆற்றலையோ சட்டம் மிகக் குறைவாகவே அனுமதிக்கிறது. பிரிட்டன் 2006 இறுதியில் இவற்றை அனுமதித்தபோது வைத்த உச்சவரம்பு 50 நானோவாட். அமெரிக்காவில் 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட் என்பது எல்லை. பல கிலோவாட்டில் ஒலிபரப்பும் நிலையத்தோடு இது போட்டியிட முடியாது.

எனவே காலியான எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னையில் 93.5, 98.3, 106.4 ஆகியவற்றில் தனியார் நிலையங்கள் உள்ளன. அந்த எண்களை மட்டுமன்றி அவற்றை ஒட்டிய எண்களையும் தவிர்க்கவேண்டும். முதலில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ரேடியோவில் ஒவ்வோர் எண்ணாகக் கேட்டு, சீரான ‘உஸ்’ ஒலி மட்டும் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன்பிறகே டிரான்ஸ்மிட்டரை அந்த எண்ணுக்கு மாற்றவேண்டும். ஊர் விட்டு ஊர் செல்லும்போது அந்த இடத்தில் வேறொரு நிலையம் வந்து உட்கார்ந்துவிடலாம். நெடுந்தொலைவு ஓடும் காருக்கு இந்த வழி அலுப்பூட்டுவதற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானிலிருந்து பயன்படுத்திய கார்களை இறக்குமதி செய்யும் இலங்கை போன்ற நாடுகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஜப்பானின் எஃப்.எம். வரிசை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே இருந்தது. அந்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய ஸ்டீரியோ 90க்கு மேல் போகாது. பல டிரான்ஸ்மிட்டர்களோ 87.5க்குக் கீழே இறங்குவதில்லை. இரண்டும் சந்திக்கும் 87.5 முதல் 90 வரையான குறுகிய பகுதிக்குள்தான் காலி இடம் தேடவேண்டும். ஆன்டெனா வழியில் பேண்ட் எக்ஸ்பேண்டர் பொருத்திய கார்களில் அது உள்ளூர் நிலையங்களின் எண்களைக் கீழே நகர்த்துவதால், ரேடியோ காட்டும் எண்ணும் டிரான்ஸ்மிட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகா.

டிரான்ஸ்மிட்டரின் தொல்லைகளைப் பாதியாகக் குறைப்பது எஃப்.எம். மாடுலேட்டர். இதை ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே கம்பியிலேயே இணைப்பார்கள். பாட்டு ஓடும்போது இது ஆன்டெனாவைத் துண்டித்துவிடுவதால் வெளி நிலையங்கள் குறுக்கிடுவது பெரிதும் குறைகிறது. 15 கிலோஹெர்ட்ஸ் வரம்பு மட்டும் அப்படியே இருக்கும்.

கேசட் அடாப்டர்

கேசட் ஓடும் ஸ்டீரியோவுக்கு இது எளிய வழி. கேசட் வடிவத்தில் உள்ள பெட்டிக்குள் நாடாவுக்குப் பதிலாக ஒரு சிறு காந்தத் தலை இருக்கும். அது ஸ்டீரியோவின் டேப் ஹெட்டை நேராக ஒட்டி நின்று, ஒலிக்கேற்ப மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நாடா ஓடுவதாக எண்ணி ஸ்டீரியோ அந்தப் புலத்தைப் படித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் பாட்டுக்காக அல்ல. சுருள் சுற்றாவிட்டால் நாடா முடிந்துவிட்டதாகக் கருதிப் பக்கம் மாற்றும் ஆட்டோ ரிவர்ஸ் அமைப்பை ஏமாற்றத்தான் அவை சுழல்கின்றன. அவற்றின் ‘கரகர’ ஓசை அமைதியான பாட்டுகளுக்கு நடுவே காதில் விழும்.

இதன் ஒலி பெரும்பாலும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைவிட நிலையானது, வெளி நிலையம் எதுவும் குறுக்கிடாது. ட்ரெபிள் மங்கினாலோ ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் தாழ்ந்து ஒலித்தாலோ, இரண்டு தலைகளும் சரியாக ஒட்டவில்லை அல்லது டேப் ஹெட்டில் அழுக்கு படிந்திருக்கிறது என்று பொருள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடைத்தாலே பல நேரம் ஒலி தெளிந்துவிடும்.

கைப்பேசியோடு கம்பியின்றி இணையும் ப்ளூடூத் கேசட்டில் லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கும்; அதை வெளியே எடுத்து அடிக்கடி சார்ஜ் செய்யவேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு லித்தியம் பேட்டரி தாங்கும் வெப்பத்தைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே காரை நிறுத்தும்போது கேசட்டை வெளியே எடுத்துவிடுவது நல்லது. கம்பியுள்ள சாதாரண கேசட் அடாப்டரை ஒரு ப்ளூடூத் ரிசீவரோடு சேர்த்துப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை. ரிசீவருக்கு மின்சாரம் லைட்டர் சாக்கெட்டிலிருந்தே கிடைக்கும்.

ஆக்ஸ் துளை வழியே

முகப்பில் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை இருந்தால் வேறு வழி தேடவேண்டியதில்லை. ஒரு ப்ளூடூத் ரிசீவரை அதில் செருகினால் போதும். ஒலி தேர்வுச் சுவிட்சுக்கு நேராகப் போவதால் ட்யூனரின் குறையும் டேப்பின் குறையும் இல்லை. சில கார்களில் இந்தத் துளை முகப்பில் இல்லாமல் கையுறைப் பெட்டிக்குள்ளோ, நடுக் கைத்தாங்கிக்குள்ளோ, ஸ்டீரியோவின் பின்புறமோ இருக்கும். கார் கையேட்டைப் புரட்டிப் பார்க்காமல் ‘இல்லை’ என்று முடிவுகட்டக்கூடாது.

யுஎஸ்பி துளை மட்டும் உள்ள ஸ்டீரியோக்களில் கவனம் வேண்டும். அந்தத் துளை பென் டிரைவிலுள்ள எம்பி3 கோப்புகளைப் படிப்பதற்கானது. யுஎஸ்பியில் செருகும் பல ப்ளூடூத் ரிசீவர்கள் அங்கிருந்து மின்சாரத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. ஒலி வெளிவர அவற்றுக்கும் ஆக்ஸ் துளை தேவை.

ஒலியளவை ஒழுங்குபடுத்துவதிலும் ஒரு முறை உண்டு. கைப்பேசியின் ஒலியளவை உச்சத்துக்கு அருகில் வைத்து, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்டீரியோவில் செய்யவேண்டும். கைப்பேசியைத் தாழ்த்தி ஸ்டீரியோவை உயர்த்தினால் பாட்டோடு இடைக்கருவிகளின் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

சிடி சேஞ்சர் இணைப்பு

ஆக்ஸ் துளை இல்லாத பல ஸ்டீரியோக்களின் பின்புறம், டிக்கியில் வைக்கும் சிடி சேஞ்சருக்கான இணைப்பு இருக்கும். அதில் பொருத்தும் அடாப்டர், தானே சிடி சேஞ்சர் என்று ஸ்டீரியோவிடம் காட்டிக்கொள்ளும். ஸ்டீரியோவில் சேஞ்சரைத் தேர்ந்தெடுத்தால் கைப்பேசிப் பாட்டு வரும். சிலவற்றில் ஸ்டியரிங் பொத்தான்களாலேயே அடுத்த பாட்டுக்கு மாறவும் முடியும். ஒலித்தரம் ஆக்ஸுக்கு நிகரானது. டாஷ்போர்டின் தோற்றமும் மாறாது.

ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் சேஞ்சரோடு பேசத் தனி முறை வைத்திருந்தார். காரின் மாடல், ஆண்டு, ஸ்டீரியோவின் எண் மூன்றும் பொருந்தும் அடாப்டரே வேலை செய்யும். ஏற்கெனவே சேஞ்சரோ செயற்கைக்கோள் ரேடியோவோ அந்த இணைப்பில் இருந்தால் அதைக் கழற்றவேண்டிவரலாம்.

2000களின் ஐரோப்பிய உயர்வகைக் கார்கள் பலவற்றில் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், தொலைபேசி எல்லாம் ‘மோஸ்ட்’ எனப்படும் பிளாஸ்டிக் ஒளியிழை வளையத்தில் கோக்கப்பட்டிருக்கும். 2001இல் வந்த பிஎம்டபிள்யூ 7 வரிசை இதற்கு முன்னோடி. வளையத்தில் ஒரு கருவியைக் கழற்றி அந்த இடத்தைத் திறந்துவிட்டால் மொத்த அமைப்பும் ஊமையாகிவிடும். இத்தகைய கார்களுக்கு வளையத்துக்குள்ளேயே சேரும் அடாப்டர்தான் ஏற்றது.

ஸ்டீரியோவைத் திறந்து போர்டு பொருத்துவது

எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் ஸ்டீரியோவைத் திறந்து, டேப் அல்லது சிடி பகுதியிலிருந்து தேர்வுச் சுவிட்சுக்குப் போகும் இடது, வலது இணைப்புகளைத் துண்டித்து, அங்கே ஒரு ப்ளூடூத் போர்டின் வெளியீட்டைச் சால்டர் செய்கிறார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் இத்தகைய போர்டுகள் தனியாகக் கிடைக்கும். வெளியே எதுவும் தெரியாது; பழமையைக் காக்க விரும்பும் கார்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

இணைக்கும் இடம் முக்கியம். டேப் ஹெட்டிலிருந்து வரும் சமிக்ஞை ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. போர்டின் வெளியீடு அதைப்போல் பல நூறு மடங்கு. ஹெட்டின் கம்பியிலேயே போர்டை இணைத்தால் ஒலி முற்றிலும் சிதைந்துவிடும். ஹெட்டை அடுத்துள்ள பெருக்கியைக் கடந்த பிறகே இணைக்கவேண்டும். கேசட்டோ சிடியோ ஓடினால்தான் ஸ்டீரியோ அந்த மூலத்தைத் திறந்துவைக்கும் என்பதால், வெற்றுக் கேசட்டையோ ஒலியில்லாத சிடியையோ ஓடவிடுவதும் வழக்கம். ஸ்டீரியோவின் மின்சுற்று வரைபடம் கையில் இல்லாமல் இதில் இறங்குவது நல்ல கருவியைப் பாழாக்கிவிடும்.

ஸ்டீரியோவையே மாற்றுவது

ப்ளூடூத் உள்ளடங்கிய புதிய ஸ்டீரியோ எல்லாத் தேவைகளையும் ஒருசேரத் தீர்க்கிறது: பாட்டு, அழைப்பு, தனி மைக், பாட்டின் பெயர் காட்டும் திரை. பழைய கார்களில் இது எளிது. காரணம், ஸ்டீரியோ அமரும் இடத்தின் அளவு ‘டின்’ என்ற ஜெர்மானியத் தரத்தில் நிலைபெற்றுவிட்டது. ஒற்றை டின் ஏறத்தாழ 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை டின் அதே அகலத்தில் இரு மடங்கு உயரம்.

சந்தையில் தனியாக விற்கும் ஸ்டீரியோக்களில் கம்பி நிறங்களும் பொதுவாக ஒன்றே. மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகள் நான்கு ஸ்பீக்கர்களுக்கு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், சாவியை எடுத்தவுடன் ஸ்டீரியோ தன் நிலையங்களையும் ப்ளூடூத் இணைப்புகளையும் மறந்துவிடும். காரின் சொந்தக் கம்பிகளை வெட்டாமல், அந்த மாடலுக்குரிய கப்ளரை வாங்கி இணைப்பதே சரியான முறை. நவீன ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் கம்பி எதையும் எர்த்தில் சேர்க்கக்கூடாது; சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகக்கூடும். ஸ்பீக்கர்களின் மைனஸ் கம்பிகளைக் காரின் உடலிலேயே முடித்திருந்த மிகப் பழைய கார்களில் புதிதாக இரட்டைக் கம்பி இழுப்பது கட்டாயம்.

அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கவேண்டாம். 14.4 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் ஸ்பீக்கரில், உள் ஆம்ப்ளிஃபையர் சிதைவின்றித் தரக்கூடிய கணக்கீட்டு உச்சமே 26 வாட்டுக்குச் சற்றுக் குறைவு; நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியே வரும். 50 என்பது கணநேர உச்சத்தின் எண். பழைய ஸ்டீரியோவின் ஆற்றலும் இதே அளவுதான் என்பதால், சத்தம் கூடும் என்பதற்காக மட்டும் மாற்றுவதில் பொருளில்லை.

குளிர்சாதனக் கட்டுப்பாடும் ஸ்டீரியோவும் ஒரே பலகையில் அமைந்த கார்களில் மாற்றுவது கடினம். ஐஃபோனைக் காரின் திரையில் இயக்க உதவும் கார்ப்ளே வசதி கம்பிவழியாக ஏற்கெனவே உள்ள ஸ்டீரியோவைக் கம்பியில்லாததாக்கும் சிறு டாங்கிள்களும் விற்கின்றன. அவை பழைய ஸ்டீரியோவுக்குக் கார்ப்ளேயைக் கொடுக்கமாட்டா.

மின்சாரமும் இரைச்சலும்

எந்த வழியைப் பின்பற்றினாலும் அதிகம் எழும் புகார் ஒன்று உண்டு. எஞ்சினை இயக்காமல் பாட்டுக் கேட்டால் சுத்தமாக இருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மெல்லிய ‘ஙொய்ங்’ ஒலி பின்னணியில் கிளம்பும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். இது ஆல்டர்னேட்டரின் சிற்றலை. ரிசீவர் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எர்த் எடுக்கிறது. ஸ்டீரியோ வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருக்கிறது. ஆக்ஸ் கம்பியின் உறை இரண்டையும் இணைத்து ஒரு சுற்றை உண்டாக்குகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டமே ஒலியாகக் கேட்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ரிசீவரை லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்து ஒரு பவர் பேங்கில் இணைக்கவேண்டும். இரைச்சல் மறைந்தால் எர்த் சுற்றோ சார்ஜரின் இரைச்சலோதான் குற்றவாளி. ஆக்ஸ் கம்பியின் இடையில் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை வைத்தால் எர்த் சுற்று அறுபட்டுவிடும். தரங்குறைந்த பெட்டிகள் பேஸைச் சற்றுக் குறைக்கும். ஆகவே ரிசீவருக்கும் ஸ்டீரியோவுக்கும் ஒரே இடத்தில் எர்த் கொடுக்க முடிந்தால் அதுவே மேல்.

காரின் ‘12 வோல்ட்’ உண்மையில் ஓய்வில் 12.6, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது பேட்டரி இணைப்பு கழன்றால் கணநேரத்துக்குப் பல மடங்கு எகிறும். வீட்டு 12 வோல்ட் கருவிக்கான போர்டைக் காரில் நேராக இணைக்காமல், கார்களுக்கென்று செய்த மாற்றி வழியாக, ஃபியூஸ் வைத்து இணைக்கவேண்டும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியே உகந்தது. 20 மில்லி ஆம்பியர் மட்டும் இழுக்கும் கருவியைக்கூட எப்போதும் மின்சாரம் உள்ள கம்பியில் கொடுத்தால், 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை அது 36 நாட்களில் குடித்துவிடும்.

1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் உடலில் இணைந்திருக்கும். இன்றைய கருவியின் உலோக உறை அங்கே உடலைத் தொட்டால் ஷார்ட் ஆகும். மல்டிமீட்டரால் முனையைச் சோதித்து உறுதிசெய்யாமல் இத்தகைய கார்களில் எதையும் செருகக்கூடாது.

அழைப்பும் பாதுகாப்பும்

பழைய ஸ்டீரியோவில் ப்ளூடூத் சேர்ப்பவர்களில் பலருக்குப் பாட்டைவிட அழைப்பே முதன்மை. மைக் எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே தரத்தை முடிவுசெய்கிறது. லைட்டர் சாக்கெட்டில் உள்ள டிரான்ஸ்மிட்டரின் மைக் கியர் கம்பிக்கு அருகில், வாய்க்கு வெகுதொலைவில் இருப்பதால் எதிர்முனையில் உள்ளவருக்கு எஞ்சின் ஓசையே மிகுதியாகக் கேட்கும். கம்பியோடு வரும் தனி மைக்கைச் சூரியத்தடுப்புப் பலகையில் பொருத்தினால் பேச்சு தெளிவாகும். ஏ2டிபி வழி வரும் ஒலி நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதமாக வருவது பாட்டில் தெரியாது. வழிகாட்டிக் குரலும் அதே அளவுதான் தாமதிக்கும். ஆனால் கருவி உறங்கிவிட்டிருந்தால் ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்பதன் முதல் சொல் விழுங்கப்படும்.

இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கையில் பிடித்துத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. ப்ளூடூத் கைகளை விடுவிக்கும், கவனத்தை விடுவிக்காது. இணைப்பதும் பாட்டுத் தேடுவதும் வண்டி நகரும் முன்பே முடிந்திருக்கவேண்டும்.

தேர்வு செய்யும் வரிசை

முதலில் ஸ்டீரியோவின் முகப்பையும் கையேட்டையும் பார்க்கவேண்டும். ஆக்ஸ் துளை இருந்தால் ப்ளூடூத் ரிசீவரோடு வேலை முடிந்தது. இல்லையென்றால், பின்புறம் சிடி சேஞ்சர் இணைப்பு உண்டா, அந்த மாடலுக்கு அடாப்டர் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அதுவும் இல்லாமல் கேசட் இருந்தால் கேசட் அடாப்டர். ஒற்றை டின் அல்லது இரட்டை டின் இடமுள்ள, தோற்றம் முக்கியமில்லாத காரில் புதிய ஸ்டீரியோ நல்ல முதலீடு. தோற்றத்தைக் காக்கவேண்டிய காருக்குத் தேர்ந்த கைகளால் உள்ளே பொருத்தும் போர்டு. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கடைசித் தெரிவு. வாடகைக் காருக்கும், சில நாள் தேவைக்கும், வேறு எந்த வழியும் இல்லாத ஸ்டீரியோவுக்கும் அது போதும்.

நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்டீரியோவைத் தூக்கி எறிவதற்குப் பெரும்பாலும் தேவை இல்லை. கைப்பேசியின் ஒலியைத் தேர்வுச் சுவிட்சுக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு சுத்தமான மின்சாரத்தோடு கொண்டுசேர்க்கிறோமோ அவ்வளவுக்கு அது புதியதற்கு இணையாக ஒலிக்கும்.